கருவேல மரங்கள் போட்ட மனு

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ஒரு மனுவைப் பற்றி நீங்கள் சலித்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். வருஷா வருஷம் ஆடி கடைசி வெள்ளி முடிந்த கையோடு ஒரு பெண்மணி வருகிறார், பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிய மனுவை நீட்டுகிறார், போன வருஷம் கேட்டதையே இந்த வருஷமும் கேட்கிறார், இது என்ன தொல்லை என்கிறீர்களாம். டீக்கடையில் உங்களில் ஒருவர் அதற்கு 'ஆடித் தள்ளுபடி மனு' என்று பெயரே வைத்துவிட்டாராம். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொல்லையைத் தொடங்கி வைத்தவன் நான். ஓய்வு பெற்று வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவன் சொல்கிறானே என்று கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த புதிது. ஆபீசுக்கு ஒரு பொதுத் தகவல் அலுவலர் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் தாலுகா ஆபீசில் அந்தப் பதவிக்கான தகுதியைத் தாசில்தார் வெகுநேரம் யோசித்து முடிவு செய்தார். கூட்டம் நடக்கும் அன்று யார் லீவோ, அவர்தான். அன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் என் தங்கை பிள்ளைக்கு முடியிறக்கு. நானும் சேர்ந்து மொட்டை போட்டிருந்தேன். மறுநாள் தலையில் சந்தனத்தோடு உள்ளே நுழைந்தவனைப் பார்த்து, "வாங்க, தகவலு!" என்று ஆபீசே எழுந்து நின்று வரவேற்றது. துணை வட்டாட்சியராக ஏற்கெனவே இருந்த வேலைகளோடு இதுவும் என் தலையில் ஏறியது.

தகவல் அலுவலரின் பெயரைப் பொதுமக்கள் பார்வையில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் விதியை மீறவில்லை. நல்ல மஞ்சள் பெயின்ட் அடித்த பலகையில் என் பெயரை எழுதி, வாசல் கதவுக்கு வலப்பக்கச் சுவரில் மாட்டினோம். கதவைத் திறந்தால் அது பலகையை முழுசாக மூடிக்கொள்ளும். வெளிப்படையான நிர்வாகம் என்பதால் ஆபீஸ் நேரம் முழுக்கக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். ஆபீசைப் பூட்டிய பிறகு யார் வேண்டுமானாலும் என் பெயரைத் தாராளமாகப் படிக்கலாம்.

இந்தப் பலகை யோசனை எங்கள் அண்ணாச்சியுடையது. ஆபீசில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, தாசில்தாருக்கும்கூட. தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர். கோப்பு எழுதுவதில் எனக்குக் குரு. இந்தச் சட்டத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இன்னும் காதில் இருக்கிறது.

"ஏலே, சட்டம் என்ன சொல்லுது? முப்பது நாள்ல பதில் குடுக்கணும்னு சொல்லுது. பதிலக் குடு. தகவலக் குடுக்காத."

குளத்தின் பரப்பு எவ்வளவு என்று ஒருவர் கேட்டதற்கு, 'அளவைப் பதிவேட்டில் உள்ளவாறு' என்று பதில் எழுதினார். ரேஷன் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டவருக்கு, 'திறக்கும் நேரத்தில்' என்று எழுதி மேலொப்பமும் வாங்கிவிட்டார். நான் அதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டேன். கற்றுக்கொள்ளும் ஆர்வம் அப்போது எனக்கு நிறைய இருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் பேச்சியம்மாள் வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் அலுமினியத் தூள் ஏறி வெள்ளியாகப் பளபளத்தது. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துப் பலகையைப் படித்துவிட்டு, என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டே மேசைக்கு வந்துவிட்டார். பலகையைக் கண்டுபிடித்த முதல் பொதுஜனம் அவர்தான்.

"என்னம்மா வேணும்? சாதிச் சான்றா, வருமானச் சான்றா?"

"தகவல் வேணும் சார்."

பக்கத்து மேசையில் அண்ணாச்சி டீயைக் கீழே வைத்தார்.

கோடு போட்ட தாளில் மனு. கேள்வி ஒன்றே ஒன்று. அவர்கள் ஊரில் கீழத்தெருவை ஒட்டிக் கம்பெனிக்காரர்கள் வெடிமருந்து வைக்கும் கிட்டங்கி ஒன்று கட்டியிருந்தார்கள். அதற்கு ஆட்சேபணை இல்லை என்று வருவாய்த் துறை சொல்லியிருக்கிறது. அப்படிச் சொல்லும் முன் யார் வந்து பார்த்தார்கள், பார்த்தவர் என்ன எழுதினார், அதன் நகல் வேண்டும். அவ்வளவுதான். ஊர்ப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. கம்பெனிப் பெயரும் வேண்டாம். உங்களுக்கு அந்த மனுவைத் தெரியும், அது போதும்.

மனுவை வாங்கிக்கொண்டு, பதிவறையிலிருந்து கோப்பை எடுத்துவரச் சொன்னேன். தூசி தட்டிப் பிரித்தேன். நேரில் தணிக்கை செய்த அறிக்கை இருந்தது. நல்ல அறிக்கை. 'மேற்படி இடத்தை நேரில் சென்று பார்வையிட்டேன். நான்கு பக்கமும் தரிசு நிலம். மேற்கே ஓடை. ஆங்காங்கே கருவேல மரங்கள் உள்ளன. குடியிருப்பு ஏதும் இல்லை.' யாரப்பா இவ்வளவு தெளிவாக எழுதியது என்று அடியில் பார்த்தேன். என் கையெழுத்து.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு நான் அந்தப் பகுதிக்கு வருவாய் ஆய்வாளர். தீபாவளி சீசன் நெருங்கும் நேரம், ஒரே நாளில் பதினொரு இடத்தைப் பார்க்கச் சொல்லி உத்தரவு. அந்த ஊர் எல்லையில் ஜீப் நின்றது. "உள்ள ரோடு சரியில்ல சார், வெயில்ல எதுக்கு அலையுறீக, ஆபீஸ் ரூம்ல உக்காந்து எழுதுங்க" என்றார் கம்பெனி மேனேஜர். நல்ல மனிதர். ஃபேனைப் போட்டார். நம் துறையில் 'மாதிரி' என்று ஒன்று உண்டு, நீங்களும் இதற்குள் பழகியிருப்பீர்கள். முன்பு எழுதிய ஓர் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊரையும் சர்வே எண்ணையும் மாற்றி, மற்றதை அப்படியே இறக்குவது. நான் பார்த்து எழுதிய மாதிரி வேறொரு ஊருடையது. அங்கே நிஜமாகவே மேற்கே ஓடை, சுற்றிலும் கருவேல மரம். இங்கே மேற்கே இருந்தது கீழத்தெரு. நாற்பத்திரண்டு வீடு, ஒரு பால்வாடி. பத்து நிமிஷத்தில் தெருவை ஓடையாக்கிவிட்டு, ஜனங்களை மரமாக்கிவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

கை நீட்டினாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு பன்னீர் சோடா குடித்தேன், அவ்வளவுதான். காசு வாங்கிக்கொண்டு செய்திருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும். வெயிலுக்குச் சோம்பல்பட்டு ஒரு தெருவையே அழித்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

கோப்பை அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் என்னைப் போலப் பதறவில்லை.

"மூணு வழி இருக்கு. ஒண்ணு, கோப்பு எலி கடிச்சிருச்சுன்னு எழுது. ரெண்டு, கம்பெனிக்காரன் மூணாவது ஆளு, அவன் சம்மதிக்கணும்னு எழுது. மூணாவதுதாம்லே ராசா. மருந்து சமாச்சாரம்லா? நாட்டின் பாதுகாப்புன்னு எழுதிரு. எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

எலிமேல் பழி போட மனசு வரவில்லை, எங்கள் ஆபீஸ் எலிகள் பாவம், ஏற்கெனவே நிறையக் கோப்புகளுக்குப் பொறுப்பேற்றிருந்தன. நாட்டின் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தேன். இருபத்தொன்பதாம் நாள் பதில் போனது. முப்பத்தொன்றாம் நாள் காலை அந்தப் பதிலைக் கையில் பிடித்தபடி பேச்சியம்மாள் என் மேசை முன் நின்றார். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"சார், எங்க தெரு இருக்கா இல்லையான்னு கேட்டா நாட்டுக்கு ஆபத்தா?"

"அப்படி இல்லம்மா, அது வெடிமருந்து..."

"அதத்தான சார் நாங்களுஞ் சொல்லுதோம். தெருவுக்கு ஆபத்துன்னு நாங்க சொன்னா ஒருத்தருங் கேக்கல. நாட்டுக்கு ஆபத்துன்னு நீங்க எழுதிட்டீக. ஒரே மருந்துதான?"

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினார். ரேஷன் கார்டு. வாக்காளர் அட்டை. வீட்டுவரி ரசீது. கரன்ட் அட்டை. எல்லாவற்றிலும் கீழத்தெரு என்று இருந்தது. "இம்புட்டும் நீங்க குடுத்ததுதான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு கொஞ்சம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பால்வாடில எம் மக இருக்கா சார், நாலு வயசு. செவுத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளைக, அந்தப் பக்கம் மருந்து. வெயில் ஏற ஏற எனக்குக் கம்பெனில கையே ஓடமாட்டேங்குது. கைய நடுங்கவிட்டா எங்க வேலைல என்னாகும்னு உங்களுக்கே தெரியும்."

அவர் போன பிறகு என்னால் வேறு கோப்பைத் தொட முடியவில்லை. மறுநாள் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு டவுன் பஸ் ஏறினேன். கடமையாக இருந்தபோது ஜீப்பில் போகாத இடத்துக்கு லீவு போட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

ரோடு நன்றாகவே இருந்தது. பால்வாடிக்குள் பிள்ளைகள் சத்துமாவு உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். வாசற்படியிலிருந்து கிட்டங்கிச் சுவர் வரை நடந்து எண்ணினேன். பத்தொன்பதே எட்டில் சுவர் வந்துவிட்டது. நம்பாமல் திரும்ப எண்ணினேன். அப்போதும் பத்தொன்பது. சுவரில் சிவப்பு எழுத்தில் 'அபாயம்' என்று எழுதியிருந்தது, படிக்கத் தெரியாத பிள்ளைகள் அதன் மேல் கரியால் மயில் வரைந்திருந்தார்கள். அங்கேயே பைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் என்பது முகத்தில் வருவது என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அது என்னை உட்கார வைத்தது.

ஒரு வாரம் கழித்து, பேச்சியம்மாளை வரச் சொல்லி நகலைக் கொடுத்தேன். அண்ணாச்சியிடம் கேட்கவில்லை, தாசில்தாரிடமும் சொல்லவில்லை. தகவல் அலுவலர் நான்தானே, பலகையில்தான் எழுதியிருக்கிறதே. கொடுக்கும் நகலில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி ஒப்பமிட வேண்டும். நானே எழுதிய பொய்க்கு நானே உண்மை என்று சான்று கொடுத்து நீட்டினேன்.

அவர் நின்றபடியே எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். அடியில் வந்ததும் விரல் நின்றது.

"கீழ உங்க பேரு இருக்கு சார்."

"ஆமாம்மா."

"அன்னைக்கு வந்தீகளா?"

"வரலம்மா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை. கிராம சபை என்றால் என்னவென்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், மக்கள் கூடிப் பேசித் தீர்மானம் எழுதுவது. எங்கள் காலத்தில் அதைச் சிக்கனமாகச் செய்தோம். தீர்மானத்தை முதலில் எழுதிவிடுவோம், கையெழுத்தை வீடு வீடாக வாங்கிவிடுவோம், மக்கள் கூடுவது அவரவர் விருப்பம். அந்த வருஷம் அந்த ஊருக்கு அரசுத் தரப்பில் போனது அண்ணாச்சி. எழுதி முடித்த தீர்மானப் புத்தகத்தோடு போனார். யாரும் கூப்பிடாமல் நானும் பின்னாலேயே போனேன். வேப்ப மரத்தடியில் ஜமுக்காளம், கொடியேற்றியதற்கு மிட்டாய், இருபது பேரை எதிர்பார்த்த இடத்தில் இருநூறு பேர்.

பேச்சியம்மாள் எழுந்து அறிக்கையைப் படித்தார். 'நான்கு பக்கமும் தரிசு நிலம்' என்றபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'ஆங்காங்கே கருவேல மரங்கள்' என்றபோது பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஆபீசரய்யா, அப்ப நாங் கருவேல மரமா?"

"இருக்கும் மாமா, அதான் நீரு தண்ணியே இல்லாம இம்புட்டு வருசம் நிக்கிதீரு" என்று ஒரு பெண் சொல்ல, கூட்டமே சிரித்தது. ஆளாளுக்கு எழுந்தார்கள். "நான் எத்தனையாவது மரம்?" "எங்க வீட்டு மரம் போன வருசம் ஓட்டுப் போட்டுச்சுல்லா?" அண்ணாச்சியும் சிரிக்க முயன்றார். கம்பெனி மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று நிதானமாகச் சொன்னார்.

"சிரிங்க. கிட்டங்கி இல்லாட்டிக் கம்பெனி ஓடாது. கம்பெனி ஓடாட்டி நாளைக்கு யார் வீட்டுல உல கொதிக்கும்? யோசிச்சுப் பேசுங்க."

சிரிப்பு அப்படியே அடங்கியது. அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிவதைப் பார்த்தேன். பேச்சியம்மாள் மட்டும் உட்காரவில்லை.

"கம்பெனிய மூடுங்கன்னு யாருண்ணே சொன்னா? அந்தக் கம்பெனிதான் எனக்குஞ் சோறு போடுது. கிட்டங்கியத் தள்ளி வைங்கன்னு சொல்லுதோம். கண்மாய்க்கு அங்கிட்டு உங்க எடமே கெடக்கு. நாங்க நாப்பத்திரண்டு வீட்டயும் தூக்கிட்டுப் போக முடியாது. மருந்து போகலாம்ல?"

மேனேஜர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி புத்தகத்தைப் புரட்டியபடி, "அரசு அறிக்கைல குடியிருப்பு இல்லன்னுதான் இருக்கு. அறிக்கை எழுதின அலுவலர் நேர்ல பாத்துட்டுத்தான் எழுதியிருப்பாரு" என்றார். சொல்லிவிட்டு, இனிமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் பேனாவை மூடினார்.

தம்பிகளே, அவசரத்தில் எடுக்கும் முடிவு என்று பயிற்சியில் என்னென்னவோ சொல்வார்கள். எனக்கு அன்று கிடைத்தது பேனாவை மூடுகிற நேரம்தான். நான் எழுந்து, "அறிக்கை எழுதினவன் நான். நான் வந்து பார்க்கவில்லை. இங்கே தெரு இருக்கிறது" என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கோபம்கூட இல்லை, இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தது வீணாய்ப் போனதே என்கிற வருத்தம்.

அன்றைக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் கூடுதலாக ஏறியது. கூட்டம் தொடங்கிய பிறகு எழுதப்பட்ட முதல் தீர்மானம் அதுதான். பிறகு டேப் பிடித்து அளந்தார்கள், மறுதணிக்கை செய்தார்கள், தீபாவளிக்கு முன்னாலேயே கிட்டங்கி கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருந்தது. யார் வீட்டிலும் உலை அணையவில்லை.

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பொய் அறிக்கை எழுதியதற்கு என்று நினைத்துப் பிரித்தேன். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முன் அனுமதியின்றிப் பொதுக்கூட்டத்தில் கருத்துத் தெரிவித்ததற்காம். விளக்கம் எழுதிக் கொடுத்தேன், கண்டனம் வழங்கி முடித்துவைத்தார்கள். பணிப்பதிவேட்டில் அது இன்னும் இருக்கிறது. பொய் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த மஞ்சள் பலகையை மட்டும் நானே கழற்றி இடப்பக்கச் சுவரில் மாட்டினேன்.

மறு வருஷம் ஆடி கடைசி வெள்ளி முடிந்த திங்களன்று பேச்சியம்மாள் வந்தார். இருக்கன்குடிக்குப் போய்விட்டு வந்த குங்குமம் மனுவின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. 'எங்கள் தெரு இந்த வருஷக் கணக்கில் இருக்கிறதா? வந்து பார்த்து எழுதினீர்களா?'

"அதான் எழுதியாச்சேம்மா" என்றேன்.

"ஒருக்க வராம எழுதுனீகல்ல சார். தாயி கிட்டயும் வருசா வருசம் போய்ச் சொல்லிட்டுத்தான் வாரேன், பிள்ளையப் பாத்துக்கோன்னு. அவளுக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு. உங்களுக்கு வேண்டாமா?"

அன்று முதல் ஓய்வு பெறும் வரை, ஒவ்வோர் ஆடிக்கும் பஸ் ஏறிப் போய் வீடுகளை எண்ணிவிட்டு வந்துதான் பதில் எழுதினேன். அதற்கு அரைநாள்தான் ஆகும். பைப்படியில் யாராவது மோர் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், முந்தாநாள் பேச்சியம்மாள் போன் செய்தார். இந்த வருஷப் பதில் வந்துவிட்டதாம், ஐந்தே நாளில். 'நேரில் தணிக்கை செய்யப்பட்டது. நாற்பத்திரண்டு வீடுகள், ஒரு பால்வாடி உள்ளன' என்று இருக்கிறதாம். வாசகம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெறும் முன் கடைசியாக நான் எழுதியதுதான்.

"சார், எங்க தெருவுல இப்ப நாப்பத்தஞ்சு வீடு" என்றார் அவர். "புதுசா மூணு வீடு வந்திருக்கு. அந்த மூணுக்கும் பின்னால வேற ஒரு கம்பெனிக்காரவுக தகரக் கொட்டகை போட்டிருக்காக. என்ன வைக்கப் போறாகன்னு தெரியல. அதையுஞ் சேத்துத்தான் மனுவுல கேட்டிருந்தேன். கொட்டகையப் பத்தி ஒரு எழுத்து இல்ல சார்."

அந்தப் பதிலை எழுதியது உங்களில் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அடியில் பெயர் இருக்கும். திங்கட்கிழமை காலையில் பேச்சியம்மாள் அந்தத் தாளோடு உங்கள் மேசைக்கு வருவார். வந்தீகளா என்று கேட்பார். கத்த மாட்டார், ஆனால் அந்தக் கேள்விக்கு 'வரலம்மா' என்று பதில் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் உண்டு.